கிராம மின்சாரச் சங்கங்களின் நிலைக்கட்டணம்

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் மின்சாரம் வழங்கும் வேலையின் பெரும் பகுதி, குடியானவர்களே ஒன்றுசேர்ந்து ஸ்தாபித்த கூட்டுறவுச் சங்கங்களின் கையில் இருந்து வருகிறது. இத்தகைய சங்கங்கள் இப்பொழுது சுமார் 900 உள்ளன. அவற்றின் கம்பிகள் அத்தேசத்தின் நிலப்பரப்பில் பாதிக்கு மேற்பட்ட பிரதேசத்தில் சென்று சுமார் 4 கோடியே 20 லட்சம் ஜனங்களுக்கு மின்சாரம் அளிக்கின்றன. இச்சங்கங்களில் மின்சாரம் வாங்குகிறவரே சங்கத்தின் சொந்தக்காரரும் ஆவார். நூறு ஏக்கர் உடையவருக்கும் ஒரே வோட்டு. ஒற்றை அறை வீட்டில் வசிப்பவருக்கும் ஒரே வோட்டு. டைரக்டர்களும் அங்கத்தினர்களால் அவர்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள்.

அப்படியிருந்தும், வருஷாந்தரக் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது. மாதாந்தர பில்லில் முதல் வரியாக ஒரு தொகை காணப்படுகிறது. மீட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அத்தொகை மாறுவதில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு மாதம் வெளியூர் சென்று திரும்பியவர், "ஒரு யூனிட்டுகூடச் செலவழிக்கவில்லையே, பணம் எதற்கு?" என்று கேட்பது இயற்கையே. இக்கேள்விக்குத் திருப்தியான விடை கூறுவதும், அதற்கு முன்பாக அத்தொகையை நியாயமாக நிர்ணயம் செய்வதும் சங்க நிர்வாகிகளின் கடமைகளில் மிகக் கடினமானவை.

இவ்விஷயத்திற்கும் இந்திய தேசத்திற்கும் சம்பந்தம் இல்லாமற் போகவில்லை. 1960களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சங்கங்களின் தேசிய சம்மேளனத்தாருடைய ஆலோசனையைக் கொண்டு, இந்தியாவில் ஐந்து இடங்களில் இதே மாதிரியான சங்கங்களைப் பரீட்சார்த்தமாக ஏற்படுத்தத் திட்டம் வகுக்கப்பட்டது. தெலங்கானாவிலுள்ள சிர்சில்லா, கர்நாடகத்திலுள்ள ஹுக்கேரி ஆகியவை அவற்றில் பெயர் பெற்றவை. ஐக்கிய நாணய சங்கத்தையோ பால் சங்கத்தையோ நடத்திப் பழகிய கிராமப் பெரியோர்களுக்கு, அமெரிக்கச் சங்கங்கள் கட்டணம் வகுக்கும் முறை பல வகையில் சிந்திக்கத் தக்கதாக இருக்கும்.

முதலில் பூர்வ வரலாற்றைச் சிறிது கவனிக்க வேண்டும். 1935ஆம் வருஷத்தில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் கிடைத்திருந்தது. நகரங்களில் விளக்கு எரிந்துகொண்டிருக்க, கிராமத்துப் பெண்டிர் மண்ணெண்ணெய் விளக்கடியில் வேலை செய்தார்கள். தண்ணீரையும் கிணற்றிலிருந்து கையால் இறைத்தார்கள். தனியார் கம்பெனிகள் கிராமங்களுக்குக் கம்பி இழுக்க முன்வரவில்லை. ஒரு மைல் கம்பிக்கு 1,500 முதல் 2,000 டாலர் வரை செலவாகும் என்றும், அந்த ஒரு மைலில் இரண்டு மூன்று வீடுகளே இருப்பதால் போட்ட முதல் திரும்பாது என்றும் அவர்கள் கணக்குக் காட்டினார்கள். அக்கணக்கு முழுவதும் பொய்யென்று சொல்லுவதற்கில்லை. 1935ஆம் வருஷம் மே மாதம் 11ஆம் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கிராம மின்சார நிர்வாகத்தை ஏற்படுத்தினார். அடுத்த வருஷத்தில் அதற்கெனச் சட்டமும் நிறைவேறிற்று. இலகுவான கம்பங்களையும் நீண்ட இடைவெளிகளையும் கையாண்டு, மைலுக்கு ஆயிரம் டாலருக்குக் கீழே கம்பி போடும் முறையை அந்நிர்வாகத்தின் எஞ்சினீயர்கள் வகுத்தார்கள். 1944ஆம் வருஷத்துச் சட்டம் வட்டியை நூற்றுக்கு 2 என்றும், தவணையை 35 வருஷம் என்றும் ஆக்கிற்று. 1950களின் நடுவில் பத்துப் பண்ணைகளில் ஒன்பதுக்கு மேற்பட்டவை மின்சாரம் பெற்றுவிட்டன.

கடன் கொடுத்த சர்க்கார் ஒரு நிபந்தனையில் கண்டிப்பாக இருந்தது. மைலுக்கு இத்தனை வீடுகளாவது சேர வேண்டும், சேர்ந்தவர் மாதந்தோறும் குறைந்தபட்சம் இவ்வளவு செலுத்தச் சம்மதிக்க வேண்டும் என்பதே அது. டெக்ஸாஸ் மாகாணத்தில் குன்றுகள் நிறைந்த பெடர்னேல்ஸ் நதிப் பிரதேசத்தில், மைலுக்கு மூன்று வீடு என்ற கணக்குத் தேறாமையால் அங்கு அமைய இருந்த சங்கத்திற்குக் கடன் மறுக்கப்பட்டது. அப்பகுதியின் பிரதிநிதியாக அப்பொழுது இருந்த லிண்டன் ஜான்ஸன் ஜனாதிபதி வரை சென்று வாதாடிய பிறகே அனுமதி கிடைத்தது. அச்சங்கம் இப்பொழுது அமெரிக்க மின்சாரச் சங்கங்களில் மிகப் பெரியதாக வளர்ந்திருக்கிறது. அக்காலத்தில் அங்கத்தினராகச் சேருவதற்கு 5 டாலர் கட்டினார்கள். பல சங்கங்களில் மீட்டரைப் பார்க்கத் தனி ஆள் கிடையாது. குடியானவரே மீட்டரைப் படித்து, எண்ணைக் குறித்துப் பணத்துடன் அனுப்புவார். ஆள் சம்பளத்தைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. அங்கத்தினருக்குத் தம் சங்கத்தின் செலவு எங்கே ஏற்படுகிறது என்பதையும் அது கற்பித்தது எனலாம்.

இனி, நிலைக்கட்டணம் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்ப்போம். மின்சாரச் சங்கத்தின் செலவை மூன்று பங்காகப் பிரிப்பது வழக்கம். முதலாவது, மொத்தமாக விலைக்கு வாங்கும் மின்சாரம். யூனிட்டு கூடினால் இச்செலவும் கூடும். பெரும்பாலான சங்கங்களில் மொத்தச் செலவில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். இரண்டாவது, உச்சத் தேவையைச் சார்ந்த செலவு. கோடைகாலத்து மாலையில் எல்லோரும் ஒரே சமயத்தில் குளிர்யந்திரத்தை ஓட்டினால், அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கும்படி டிரான்ஸ்பார்மர்களும் கம்பிகளும் பெரியனவாக இருக்க வேண்டும். வருஷத்தின் மற்ற நேரமெல்லாம் அவை பாதி வேலையுடன் நின்றுகொண்டிருந்தாலும் வட்டி குறைவதில்லை. மூன்றாவது, ஓர் அங்கத்தினர் இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால் உண்டாகும் செலவு. அவர் வீட்டு மீட்டர், கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி, பில் தயாரித்து அனுப்புதல், கணக்கு வைத்தல், புகார் கேட்கும் சிப்பந்தி ஆகியவை இதில் அடங்கும். நிலைக்கட்டணம் இந்த மூன்றாவது பங்குக்காக ஏற்பட்டது.

நகரத்துக் கம்பெனிக்கு ஒரு மைல் கம்பியில் சராசரி முப்பதுக்கு மேற்பட்ட வாடிக்கைக்காரர்கள் கிடைக்க, கிராமச் சங்கத்திற்குச் சுமார் எட்டுப் பேரே கிடைக்கிறார்கள். கம்பத்திற்கும் புயலுக்கும் இவ்வித்தியாசம் தெரியாது. மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால், முப்பது வீட்டுக்கும் எட்டு வீட்டுக்கும் ரிப்பேர் செலவு ஒன்றே. கிராமச் சங்கங்களின் நிலைக்கட்டணம் நகரத்தைவிடப் பொதுவாக அதிகமாக இருப்பதற்கு இதுவே பிரதான காரணம்.

ஆனால் கம்பமும் கம்பியும் எந்தப் பங்கைச் சேர்ந்தவை என்பதில்தான் விவாதம் தொடங்குகிறது. தென்னாட்டுக் குடியானவர்களுக்கு இதை ஏரிப்பாசனத்தைக் கொண்டு விளக்குவது எளிது. தன் வயலுக்குப் பிரியும் மடைவாயைச் சீராக வைத்துக்கொள்வது அவரவர் பொறுப்பு. அதில் தகராறு கிடையாது. ஆனால் பொது வாய்க்காலில் தூர் எடுக்கும் குடிமராமத்துச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று போடுவதா, ஏக்கருக்கு இவ்வளவு என்று போடுவதா? தலைக்குச் சமமாகப் போட்டால் அரை ஏக்கர்காரர் அழுவார். ஏக்கர்ப்படி போட்டால், "வாய்க்கால் என் வயல் வரைக்கும் வருவதற்கு ஒரு குறைந்தபட்ச அகலம் எப்படியும் வேண்டியிருக்கிறதே, சிறிய குடிகள் அதில் பங்கு கொள்ளலாகாதா?" என்று பெரிய மிராசுதார் கேட்பார். இரண்டிலும் நியாயம் உண்டு.

அமெரிக்கச் சங்கங்களுக்குக் கணக்கு ஆராய்ச்சி செய்து கொடுக்கும் நிபுணர்களுள் ஒரு சாரார், மிகச் சிறிய அளவில் கம்பமும் கம்பியும் போட்டால் என்ன செலவாகுமோ அதை முழுவதும் தலைக்கட்டாகப் பிரித்து நிலைக்கட்டணத்தில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். மற்றொரு சாரார், மீட்டர், வீட்டுக் கம்பி, பில் இவை மாத்திரமே அங்கத்தினர் தலைக்கு உரியவை, பொதுக் கம்பி உபயோகத்தைச் சேர்ந்தது என்கிறார்கள். கட்டண சாஸ்திரத்தில் பெரிய அறிஞராகிய ஜேம்ஸ் பான்பிரைட் 1961ஆம் வருஷத்தில் வெளியிட்ட நூலில், இக்குறைந்தபட்சக் கம்பிச் செலவு எந்தப் பங்கிலும் சரியாகப் பொருந்தாத ஒன்று என்று எடுத்துக் காட்டினார். ஆகவே, "கணக்கு ஆராய்ச்சி இத்தொகையைத்தான் காட்டுகிறது" என்று ஒரு டைரக்டர் சபையார் சொல்லும்பொழுது, அக்கணக்கு எந்த முறையைப் பின்பற்றியது என்று கேட்க அங்கத்தினருக்கு உரிமை உண்டு. முறை மாறினால் தொகை இரண்டு பங்கும் ஆகலாம்.

ஓர் உதாரணத்தால் இது நன்கு விளங்கும். எண்கள் கணக்கிடுவதற்கு எளிதாயிருக்கும்பொருட்டுக் கற்பனையாக எடுத்துக்கொள்ளப்பட்டவை. 10,000 மீட்டர்கள் உள்ள ஒரு சங்கத்தில் சராசரி வீடு மாதம் 1,000 யூனிட்டு செலவழிக்கிறது. வருஷத்திற்குச் சங்கம் வசூலிக்க வேண்டிய தொகை 156 லட்சம் டாலர். இதில் 36 லட்சம் அங்கத்தினர் தலைக்கு உரிய செலவு என்று முதல் சாரார் கணக்குக் காட்டுகிறார்கள். அப்படியே ஒப்புக்கொண்டால், மீட்டர் ஒன்றுக்கு மாதம் 30 டாலர் நிலைக்கட்டணமும், யூனிட்டுக்கு 10 சென்ட் விலையும் ஏற்படும். இரண்டாவது சாராரைப் பின்பற்றி நிலைக்கட்டணத்தை 15 டாலராக வைத்தால், மீதமுள்ள 18 லட்சத்தையும் யூனிட்டின்மேல் ஏற்ற வேண்டும். யூனிட்டு விலை பதினொன்றரை சென்ட் ஆகும்.

இப்பொழுது மூன்று வீடுகளைப் பார்க்கலாம். மாதம் 300 யூனிட்டு செலவழிக்கும் கிழவி ஒருத்தி முதல் முறையில் 60 டாலரும், இரண்டாவது முறையில் நாற்பத்தொன்பதரை டாலரும் செலுத்துவாள். 1,000 யூனிட்டு செலவழிக்கும் சராசரிக் குடும்பத்திற்கு இரண்டிலும் 130 டாலரே. 2,500 யூனிட்டு செலவழிக்கும் பெரிய வீட்டுக்காரர் முதல் முறையில் 280 டாலரும், இரண்டாவதில் முந்நூற்று இரண்டரை டாலரும் கொடுப்பார். சங்கத்தின் பெட்டியில் விழும் பணம் ஒன்றே. எவருடைய பையிலிருந்து விழுகிறது என்பதே வேறுபாடு. நிலைக்கட்டணத்தை உயர்த்துவதால் சங்கத்திற்கு லாபம் என்று அங்கத்தினர் எண்ணுவதும், அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை என்று நிர்வாகிகள் சொல்லுவதும் ஒருங்கே தவறானவை என்பது இதனால் புலப்படும்.

இதிலிருந்து, நிலைக்கட்டணம் குறைவாயிருப்பதே ஏழைகளுக்கு அனுகூலம் என்று உடனே முடிவு கட்டிவிடுவதும் கூடாது. கொஞ்சமாக மின்சாரம் செலவழிப்பவரெல்லாம் ஏழைகள் அல்லர். ஏரிக்கரையில் விடுமுறை பங்களா வைத்திருக்கும் நகரத்துத் தனவந்தரும், வேட்டைக்காக வருஷத்தில் பத்து நாள் வந்து தங்குபவரும் அந்த ஜாபிதாவில் இருக்கிறார்கள். மறுபக்கத்தில், குழாய் வாயு இல்லாத குளிர்ப் பிரதேசங்களில், காற்றுப் புகும் பழைய தகர வீடுகளில் மின்சார அடுப்பைக்கொண்டு குளிர் காயும் ஏழைக் குடும்பங்கள் மாரிக்காலத்தில் மிக அதிகமான யூனிட்டு செலவழிக்கின்றன. அவர்களுக்கு யூனிட்டு விலை குறைவாயிருப்பதே நன்மை. ஆகையால் தம் அங்கத்தினர்களில் எவர் எவ்வளவு செலவழிக்கிறார்கள், எந்த மாதத்தில் செலவழிக்கிறார்கள் என்ற புள்ளிவிவரத்தைப் பாராமல் கட்டணத்தில் கை வைக்கும் டைரக்டர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏர் பூட்டுகிறவர்களுக்கு ஒப்பானவர்.

சமீப வருஷங்களில் கூரைமேல் சூரிய மின்தகடு பதிப்பது பரவிய பிறகு இவ்விவாதம் மேலும் காரமாகியிருக்கிறது. பகலில் உபரி மின்சாரத்தைக் கம்பியில் விட்டு இரவில் அதே அளவைத் திரும்ப வாங்கும் வீட்டில் நிகர யூனிட்டு ஏறக்குறையச் சைபர் ஆகிவிடலாம். நிகர அளவுக்கே விலை போடும் சங்கத்தில், அவ்வீட்டார் நிலைக்கட்டணம் ஒன்றையே செலுத்துவர். ஆனால் இரவெல்லாம் சங்கத்தின் கம்பியையே நம்பியிருப்பர். நிலைக்கட்டணம் உண்மைச் செலவுக்குக் குறைவாக இருந்தால் மிகுதி அயலார் தலையில் விழும். அதற்காக அதை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினாலோ, மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவழிப்பவருக்குப் பலன் இல்லாமற்போய், சிக்கனத்தில் ஒருவருக்கும் ஊக்கம் இராது. நிலைக்கட்டணத்தைச் சிறிது சிறிதாகச் சில வருஷங்களில் உயர்த்தி, அதே சமயத்தில் யூனிட்டு விலையைக் குறைப்பது பல சங்கங்கள் கைக்கொண்ட மத்திய மார்க்கம்.

பாசனப் பம்புகளுக்கு வேறு ஏற்பாடு. பம்பு வருஷத்தில் மூன்று நான்கு மாதமே ஓடினாலும் அதற்கென மும்முனைக் கம்பியும் பெரிய டிரான்ஸ்பார்மரும் வருஷம் முழுவதும் காத்து நிற்கின்றன. ஆதலால் பம்புப் பாசனம் மிகுந்த மேற்கு மாகாணங்களில், மோட்டாரின் குதிரைச் சக்தி ஒன்றுக்கு வருஷத்திற்கு இவ்வளவு என்று முன்னதாக வாங்கி, ஓடும்பொழுது யூனிட்டுக்குக் குறைந்த விலை போடும் முறை காணப்படுகிறது. உச்ச நேரத்தில் சங்கமே தூரத்திலிருந்து பம்பை நிறுத்திக்கொள்ளச் சம்மதிப்பவருக்குக் கட்டணம் இன்னும் குறையும். இச்சலுகையைப் பெற விரும்புபவர் தமது பயிர் சில மணி நேரம் தண்ணீரின்றித் தாங்குமா, மோட்டாரின் சக்தி வயலுக்குத் தக்கதா, அநாவசியமாகப் பெரிதா என்பவற்றை முதலில் ஆராய வேண்டும். தேவைக்கு மிஞ்சிய மோட்டாரை வைத்துக்கொண்டு குதிரைச் சக்திக் கட்டணத்தை நொந்துகொள்வதில் பிரயோஜனமில்லை.

கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் பெரும்பாலான மாகாணங்களில் டைரக்டர் சபைக்கே உண்டு. கென்டக்கி, அரிஸோனா போன்ற சில மாகாணங்களில் மாத்திரம் சர்க்கார் கமிஷனின் அனுமதி பெற வேண்டும். எங்கும் கடன் கொடுத்தவரின் கட்டுப்பாடு ஒன்று உண்டு. சர்க்கார் கடன் பெற்ற சங்கம் வட்டி கட்டுவதற்கு முன்னுள்ள மிச்சம், வட்டியைப்போல் ஒன்றேகால் பங்குக்குக் குறையாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. வருஷ முடிவில் மிஞ்சும் தொகை அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாங்கிய மின்சாரத்தின் விகிதாசாரப்படி அவரவர் பேரில் வரவு வைக்கப்படும். ஆனால் அது உடனே கைக்கு வராது. கம்பமும் கம்பியும் போட அத்தொகையை உபயோகித்துக்கொண்டு, சங்கத்தின் நிலைமைக்குத் தக்கபடி பல வருஷம் கழித்தே திருப்பிக் கொடுப்பார்கள். இருபது முப்பது வருஷம் ஆவதும் உண்டு.

மேற்சொன்னவற்றையெல்லாம் அங்கத்தினருக்கு எடுத்துரைப்பதில்தான் பல சங்கங்கள் தடுமாறுகின்றன. விலைவாசி உயர்வினால் கட்டணத்தைத் திருத்த நேர்ந்தது என்று ஒரே வரியில் பத்திரிகையில் அறிவித்துவிட்டுச் சும்மாயிருப்பது கெட்ட பழக்கம். பில் கைக்கு வந்த பிறகு சொல்லப்படும் காரணம் எவ்வளவு உண்மையானாலும் சாக்காகவே தோன்றும். நல்ல சங்கங்கள் தீர்மானம் நிறைவேறுவதற்கு முன்பே கிராமந்தோறும் கூட்டம் போடுகின்றன. தம் மாதப் பத்திரிகையில் மேலே காட்டிய மூன்று வீடுகளைப்போல் பழைய பில்லையும் புதிய பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுகின்றன. எவருக்குக் குறையும் என்பதோடு எவருக்குக் கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றன. கூடுகிறவர்களுக்குத் தனிக் கடிதம் அனுப்புவது இன்னும் சிலாக்கியம். சங்கத்தில் ஒரு மீட்டருக்கு மாதம் ஆகும் செலவு இவ்வளவு, அதில் நிலைக்கட்டணத்தால் ஈடாவது இவ்வளவு, யூனிட்டு விலையால் ஈடாவது இவ்வளவு என்று தொகையாகவே காட்டிவிட்டால் பாதிச் சச்சரவு அடங்கிவிடும்.

கட்டணத்திற்கு இடும் பெயரும் அற்ப விஷயமன்று. சிலர் இதை வாடிக்கைக்காரர் கட்டணம் என்கிறார்கள். வேறு சிலர் அடிப்படைக் கட்டணம், வசதிக் கட்டணம், சேவை தயார்நிலைக் கட்டணம் என்றெல்லாம் பெயர் மாற்றியிருக்கிறார்கள். கம்பமும் கம்பியும் தயாராய் நிற்பதற்கே இத்தொகை என்பதைச் சொல்லும் பெயர் நல்லது. ஆனால் தொகையை உயர்த்தும் அதே மாதத்தில் பெயரையும் மாற்றினால், பழைய கட்டணத்தின்மேல் புதிதாக ஒன்று ஏற்றப்பட்டது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள்.

இணைப்பைத் துண்டிக்கும் விதியையும் அங்கத்தினர் முன்கூட்டி அறிந்திருக்க வேண்டும். சில அங்கத்தினர் நிலைக்கட்டணத்திலிருந்து தப்புவதற்காக மாரிக்காலத்தில் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லி, வேனிலில் மறுபடி கொடுக்கச் சொல்லுவதுண்டு. அந்த ஆறு மாதமும் கம்பம் பிடுங்கப்படுவதில்லை, டிரான்ஸ்பார்மரும் இறக்கப்படுவதில்லை. ஆகையால் அதே பெயருக்கு அதே இடத்தில் ஒரு வருஷத்திற்குள் இணைப்பு மீண்டும் கேட்கப்பட்டால், இடைப்பட்ட மாதங்களுக்குரிய நிலைக்கட்டணத்தையும் மறு இணைப்புக் கட்டணத்தையும் சேர்த்துச் செலுத்த வேண்டும் என்ற விதி பல சங்கங்களில் உண்டு. துண்டிக்க மனுச் செய்யும்பொழுதே இவ்விதியைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் சங்கங்களில், வேனிற்காலத்தில் ஆபீஸ் வாசலில் தகராறு ஏற்படுவது அரிது.